வெல்டு பாஸ், அரிப்புச் சோதனை ஃபெயில்: உயர் கலவை ஸ்டெயின்லெஸில் அறிகுறியிலிருந்து காரணம் தேடுவது

உயர் கலவை ஸ்டெயின்லெஸ் என்றால் டூப்ளெக்ஸ் (2205), சூப்பர் டூப்ளெக்ஸ் (2507), 254 எஸ்எம்ஓ போன்ற ஆறு சதவீத மாலிப்டின வகைகள், 904எல், 310. இவற்றில் தகராறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறது. எக்ஸ்ரே சுத்தமாக வரும், இழுவிசைச் சோதனை பாஸ், பெண்ட் (வளைப்புச் சோதனை) பாஸ். அரிப்புச் சோதனைக்காகத் துண்டை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டதும் ஒரே நாளில் குழி விழும். உடனே ஃபில்லர் (மூட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) மேல் பழி போடுவார்கள். சில சமயம் அது நியாயம்தான். ஆனால் ஃபில்லர் சரியாக இருந்து, கேஸும் வெப்பமும் கெடுத்த வெல்டுகள்தான் அதிகம். இன்னொரு சங்கதியும் உண்டு. வெல்டிங் கோடு (code, அதாவது விதித்தொகுப்பு) கேட்பது பலத்தை மட்டும். அரிப்பைத் தாங்குமா என்று அது கேட்பதே இல்லை. நாமாகக் கேட்டால்தான் பதில் வரும்.

அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் கையில் சில தாள்கள் வேண்டும். பேஸ் மெட்டலின் (வெல்டு போடப்படும் தகடு அல்லது குழாய்) ஆலைச் சான்றிதழ், அதில் உண்மையான குரோமியம், நிக்கல், மாலிப்டினம், நைட்ரஜன் அளவுகள். ஃபில்லரின் பேட்ச் சான்றிதழ். வெல்டு போட்டபோது எழுதிய ஆம்பியர், வோல்ட், வேகம், ஒவ்வொரு ரன்னுக்கும் (ஒரு தடவை போடும் வெல்டு அடுக்கு) இன்டர்பாஸ் வெப்பநிலை, அதாவது அடுத்த ரன் தொடங்கும் முன் மூட்டில் இருந்த சூடு. ஷீல்டிங் கேஸ் (ஆர்க்கைக் காக்கும் வாயு) என்ன, பர்ஜிங் கேஸ் (குழாயின் உட்பக்கக் காற்றை வெளியேற்றும் வாயு) என்ன. வேலை முடிந்தபின் உட்கார்ந்து நிரப்பிய பதிவேடாக இருந்தால் அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். எல்லா ரன்னிலும் 100 ஆம்பியர், எல்லா இடத்திலும் 120 டிகிரி என்று எழுதியிருந்தால் அதில் துப்பறிய ஒன்றும் கிடைக்காது.

ஒரு கணக்கும் மனதில் இருக்கட்டும். குழி அரிப்பைத் தாங்கும் திறனை ஒப்பிட, குரோமிய சதவீதம், அதோடு 3.3 மடங்கு மாலிப்டினம், 16 மடங்கு நைட்ரஜன் ஆகியவற்றைக் கூட்டுவார்கள். இதற்குத்தான் பிஆர்இஎன் என்று பெயர். 316எல்லுக்கு இது ஏறக்குறைய 24. 2205க்கும் 904எல்லுக்கும் 35 பக்கம். 2507க்கு 40க்கு மேல். 254 எஸ்எம்ஓவுக்கு 43. ஃபில்லர் தேர்வின் முதல் கேள்வி, உறைந்த வெல்டு உலோகத்துக்கு இந்த எண் எவ்வளவு என்பது.

அறிகுறி: ஃபெரிக் குளோரைடில் வெல்டில் குழி, பேஸ் மெட்டல் நன்றாக இருக்கிறது

எடை இழப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், துண்டைக் கழுவி உலர்த்தி லென்ஸ் வைத்துக் குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காரணத்தில் பாதி அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

குழிகள் வெட்டிய ஓரத்தில் மட்டும் இருந்தால் அது வெல்டின் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். ரம்பம் கிழித்த முனையைச் சரியாகத் தேய்க்காமல் போட்டிருப்பார்கள். தயாரிப்பு முறையைச் சரிபார்த்து, உங்கள் விவரக்குறிப்பு அனுமதித்தால் மறுசோதனை கேளுங்கள்.

வெல்டின் நடுவில் குழி என்றால் ஃபில்லரைச் சந்தேகிக்கலாம். 254 எஸ்எம்ஓ, ஏஎல்-6எக்ஸ்என் மாதிரி உலோகங்களில் இதன் காரணம் சுவாரசியமானது. உருகிய உலோகம் கிளைகிளையாக உறையும்போது, முதலில் உறையும் நடுத்தண்டில் மாலிப்டினம் குறைந்துபோகிறது, கிளைகளுக்கு நடுவே கடைசியில் உறையும் திரவத்தில் அது சேர்கிறது. சராசரி 6 சதவீதம் என்று சான்றிதழ் சொன்னாலும், நடுத்தண்டில் நாலு சொச்சம்தான் இருக்கும். குழி அங்கே தொடங்கும். அதனால் பேஸ் மெட்டலுக்கு ஒத்த கலவையில் ஃபில்லர் போட்டால் போதாது. குறைந்த இடத்திலும் 6 சதவீதத்துக்குக் கீழே போகாத அளவுக்குக் கூடுதல் கலவை வேண்டும். 9 சதவீத மாலிப்டினம் உள்ள ஈஆர்நிக்ர்மோ-3, அதாவது 625 கம்பி, இதனால்தான் வழக்கமான தேர்வு. இன்னும் கடுமையான குளோரைடுக்கு, நியோபியம் இல்லாத, 13 முதல் 16 சதவீத மாலிப்டினம் உள்ள ஈஆர்நிக்ர்மோ-10, ஈஆர்நிக்ர்மோ-13 போன்றவை.

இதே காரணத்தால் ஃபில்லர் போடாமல் டிக்கில் (டங்ஸ்டன் முனை ஆர்க் வெல்டிங்) உருக்கி ஒட்டிய மூட்டு இந்த உலோகங்களில் ஆபத்து. டேக் வெல்டு (பாகங்களைப் பிடித்துவைக்கும் சின்ன வெல்டு) கூட அப்படித்தான். ரூட் கேப்பை (மூட்டின் அடியில் விடும் இடைவெளி) 2-3 மி.மீ. வைக்கச் சொல்வது ஊடுருவலுக்காக மட்டும் இல்லை. கேப் மூடியிருந்தால் வெல்டர் ஓரங்களை உருக்கியே ரூட்டை முடித்துவிடுவார். கம்பி பெயருக்குத்தான் உள்ளே போயிருக்கும். சான்றிதழில் 625, ரூட்டில் கிட்டத்தட்ட வெறும் பேஸ் மெட்டல்.

வெல்டுக்கு வெளியே இல்லாமல், நடுவிலும் இல்லாமல், வெல்டும் தகடும் சேரும் கோட்டை ஒட்டி மெல்லிய வரிசையாகக் குழி விழுந்திருந்தால், அது கலக்காத பட்டை. பேஸ் மெட்டல் உருகியிருக்கிறது, ஆனால் ஃபில்லரோடு கலக்காமல் அப்படியே உறைந்துவிட்டது. ஃபில்லர் இல்லாத வெல்டு எப்படி நடந்துகொள்ளுமோ, அந்த நூலளவு பட்டையும் அப்படியே நடந்துகொள்ளும். ஃபில்லரை இன்னும் உயர்த்துவதால் இது போகாது. ஓரத்தை அதிகம் உருக்காமல், ஆர்க்கைக் குட்டையாக வைத்து, கம்பியை ஓரத்திலும் ஊட்டி, உருகிய உலோகக் குளத்தை நன்றாகக் கலக்கவிட வேண்டும். ஹீட் இன்புட் (ஒரு மி.மீ. வெல்டுக்குப் போகும் வெப்பம்) 1.5 கிலோஜூல்/மி.மீ.க்குக் கீழே, இன்டர்பாஸ் 100 டிகிரிக்குக் கீழே என்பது இந்த வகைக்குப் பொதுவான வரம்பு.

டூப்ளெக்ஸில் கதை வேறு. ஃபெரைட், ஆஸ்டனைட் என்ற இரண்டு படிக அமைப்புகள் கலந்த உலோகம் அது. 2205க்கு ஈஆர்2209, 2507க்கு ஈஆர்2594. இந்தக் கம்பிகளில் குரோமியமும் மாலிப்டினமும் பேஸ் மெட்டலை ஒட்டித்தான் இருக்கும், நிக்கல்தான் கூடுதல். 2205 தகட்டில் 5.5 சதவீதம் பக்கம் என்றால் 2209இல் 8.5 பக்கம். அந்த நிக்கல் அரிப்புக்காக இல்லை, வேகமாக ஆறும் வெல்டில் ஆஸ்டனைட் போதுமான அளவு பிறப்பதற்காக. சூப்பர் டூப்ளெக்ஸில் 'இன்னும் உயர்ந்தது போடுவோமே' என்று 625 கம்பியை எடுப்பவர்கள் உண்டு. அதிலுள்ள நியோபியம், தகட்டிலிருந்து வரும் நைட்ரஜனைப் பிடித்து நைட்ரைடாக மாற்றிவிடும். சேரும் கோட்டை ஒட்டிய பகுதி நைட்ரஜன் இழந்து ஃபெரைட்டாகப் பெருகும். விலை உயர்ந்த கம்பி போட்டு மோசமான மூட்டு. நிக்கல் கலவைதான் வேண்டும் என்றால் நியோபியம் இல்லாததை எடுங்கள்.

அறிகுறி: ரூட் பக்கம் குழி, உள்ளே நீலம் அல்லது கருமை

இது பெரும்பாலும் பர்ஜிங். ஆக்சைடு நிறத்துக்குக் கீழே குரோமியம் குறைந்த மெல்லிய அடுக்கு இருக்கிறது, அரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். வெளிர் வைக்கோல் நிறம் வரை பெரும்பாலான விவரக்குறிப்புகள் ஏற்கும். அடர் நீலம், சாம்பல், கருப்பு என்றால் ஆக்சிஜன் உள்ளே இருந்திருக்கிறது.

ஃப்ளோ மீட்டரைப் பார்த்து பர்ஜ் சரி என்று முடிவு செய்யாதீர்கள். கேஸ் போகிறது என்றுதான் அது சொல்லும், காற்று வெளியேறியதா என்று சொல்லாது. ஆக்சிஜன் மீட்டரை வெளியேறும் முனையில் வையுங்கள். சூப்பர் டூப்ளெக்ஸுக்கும் ஆறு சதவீத மாலிப்டினத்துக்கும் 50 பிபிஎம்முக்குக் கீழே வந்தபின் ஆர்க் போடுவது நல்ல பழக்கம். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. அதனால் கீழே விட்டு மேலே வெளியேற்ற வேண்டும். மேலே விட்டுக் கீழே ஓட்டை போட்டால் மேல்பகுதிக் காற்று அசையாமல் உட்கார்ந்திருக்கும், குழாயின் மேல்பக்கம் மட்டும் நீலமாக வரும். நீலம் ஒரே பக்கம்தான் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

டேப் ஒட்டிய மூட்டில், வெல்டர் டேப்பைக் கிழித்துக்கொண்டே போகும்போது கடைசிப் பகுதியில் கேஸ் அழுத்தம் கூடி ரூட் உள்ளே குழிவாகப் போகும். முடிக்கும் இடத்தில் ஃப்ளோவைக் குறைக்க வேண்டும், அணைக்கக் கூடாது. இரண்டாவது மூன்றாவது ரன் வரைக்கும் பர்ஜ் தொடர வேண்டும். ரூட் வெள்ளி மாதிரி வந்து, ஹாட் பாஸில் (ரூட்டுக்கு அடுத்த ரன்) கருத்துப்போவது அடிக்கடி நடப்பதுதான். ரூட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சிலிண்டரை மூடியிருப்பார்கள்.

சோதனைத் துண்டில் செய்யும் ஒரு சின்னத் தந்திரத்தையும் கவனியுங்கள். துண்டை ஃபெரிக் குளோரைடில் போடுவதற்கு முன் பிக்ளிங் (அமிலத்தில் சுத்தம்) செய்வதைச் சில விவரக்குறிப்புகள் அனுமதிக்கின்றன. பிக்ளிங் செய்த துண்டு பாஸாவது சுலபம். ஆனால் வேலையில் அந்தக் குழாயின் உட்பக்கம் பிக்ளிங் ஆகப்போவதில்லை என்றால், அந்த பாஸ் உங்கள் குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அறிகுறி: டூப்ளெக்ஸில் ஃபெரைட் எல்லைக்கு வெளியே

வெல்டுக்கு 30 முதல் 70 சதவீதம் என்பது பரவலான வரம்பு. சில வாடிக்கையாளர்கள் 35-65 கேட்பார்கள்.

முதலில் அளவிட்ட விதத்தைக் கேளுங்கள். ஃபெரைட் மீட்டர் சதவீதம் காட்டியதா, ஃபெரைட் எண் காட்டியதா? டூப்ளெக்ஸில் இரண்டும் ஒன்றில்லை, எண்ணை ஏறக்குறைய 0.7ஆல் பெருக்கினால்தான் சதவீதம் வரும். 80 என்ற எண்ணைச் சதவீதமாகப் படித்து ஒரு நல்ல வெல்டை வெட்டிப் போட்டுவிடலாம். அப்புறம், வெப்பம் தாக்கிய பகுதி மிகவும் குறுகியது, மீட்டர் முனை அதைவிட அகலமாகப் பார்க்கும். அங்கே நம்பத்தக்கது பாலிஷ் செய்த குறுக்குவெட்டில், நுண்ணோக்கியில் ஏஎஸ்டிஎம் இ562 முறைப்படி புள்ளி எண்ணுவதுதான். அதிலும் எண்ணுபவருக்கு எண்ணுபவர் வித்தியாசம் வரும். 68, 71 என்று வந்தால் சண்டைக்கு முன் இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே அதிகம் என்றால், வெல்டு வேகமாக ஆறியிருக்கிறது, அல்லது நைட்ரஜன் தப்பியிருக்கிறது, அல்லது ஃபில்லர் போதவில்லை. தடித்த தகட்டில் மெல்லிய ரன், ஆர்க் தட்டிய தழும்பு, சின்ன டேக் எல்லாம் முதல் வகை. ஹீட் இன்புட் 2205க்கு 0.5இலிருந்து 2.5 கிலோஜூல்/மி.மீ., 2507க்கு 0.2இலிருந்து 1.5 என்பது பொதுவான சாளரம். 'குறைந்த வெப்பம் எப்போதும் நல்லது' என்ற பழக்கம் 304இல் இருந்து வருகிறது, டூப்ளெக்ஸில் அது இரண்டு பக்கமும் வெட்டும். நைட்ரஜன் தப்புவது டிக்கில் தூய ஆர்கானில் நடக்கும். ஷீல்டிங் கேஸில் 2 சதவீத நைட்ரஜன் சேர்த்தால் அது ஈடாகும், பர்ஜிங்குக்கு நைட்ரஜனே விட்டாலும் ரூட் முகத்துக்கு நல்லது. ஹைட்ரஜன் கலந்த ஷீல்டிங் கேஸ் பக்கமே போக வேண்டாம். ஃபெரைட் அதிகமான வெல்டில் ஹைட்ரஜன் விரிசல் வரும்.

குறைவாக வந்தால், பெரும்பாலும் நைட்ரஜன் மிகை, அல்லது கம்பி பேட்ச்சில் நிக்கல் மேல் எல்லையில் இருக்கிறது. பேட்ச் சான்றிதழை டபிள்யூஆர்சி-1992 வரைபடத்தில் (கலவையிலிருந்து ஃபெரைட்டைக் கணிப்பது) வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: சார்பியில் ஜூல் குறைவு, அல்லது சிக்மா தெரிகிறது

சார்பி என்பது அடித்து உடைக்கும் தாக்கச் சோதனை. சிக்மா என்பது உலோகத்துக்குள் வளர்ந்து அதை நொறுங்கவைக்கும் ஒரு படிக அமைப்பு. ஏஎஸ்டிஎம் ஏ923 இதற்கென்றே உள்ள சோதனை. ஏ முறை சோடியம் ஹைட்ராக்சைடில் மின்பொறிப்பு, பி முறை சார்பி, சி முறை ஃபெரிக் குளோரைடு. சிக்மா 600 முதல் 1000 டிகிரி வரை எங்கே நேரம் கிடைத்தாலும் வளரும், 850-900 பக்கம் மிக வேகம். கலவை உயர உயர அவசரமும் கூடும். அதனால் 2205 மன்னிப்பதை 2507 மன்னிக்காது.

எந்த ரன்னில் சிக்மா என்று பார்ப்பதுதான் சாவி. பெரும்பாலும் அது கடைசி ரன்னில் இருக்காது. ரூட்டில், இரண்டாவது மூன்றாவது ரன் மறுபடி சுட்ட பட்டையில் இருக்கும். வழக்கமான வெல்டர் ரூட்டை மெதுவாக, கவனமாகப் போட்டு, அடுத்ததைச் சூடாக, 'ஹாட் பாஸ்' என்ற பெயருக்கு ஏற்றபடி, ஆம்பியரை ஏற்றிப் போடுவார். கார்பன் ஸ்டீலில் அது நல்ல பழக்கம். சூப்பர் டூப்ளெக்ஸில் தலைகீழ். ரூட்டைத் தாராளமான வெப்பத்தில் கனமாகப் போட்டு, இரண்டாவதை அதன் முக்கால்பங்கு ஹீட் இன்புட்டில் போட வேண்டும். இதை 'கோல்டு பாஸ்' என்பார்கள்.

கணக்கைப் பார்ப்போம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, 60ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு மி.மீ. வேகத்தின் ஆயிரம் மடங்கால் வகுத்தால் கிலோஜூல்/மி.மீ. வரும். ரூட் 11 வோல்ட், 90 ஆம்பியர், நிமிடத்துக்கு 60 மி.மீ. என்றால் 0.99. இரண்டாவது ரன் 11 வோல்ட், 100 ஆம்பியர், நிமிடத்துக்கு 90 மி.மீ. என்றால் 0.73. ஆம்பியர் கூடியிருக்கிறது, வெப்பம் குறைந்திருக்கிறது. வித்தியாசம் முழுக்க வேகத்தில். ஆம்பியர் மீட்டரை மட்டும் கண்காணிக்கும் இன்ஸ்பெக்டர் இதைத் தவறவிடுவார், ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் பிடிப்பார்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி. ஐரோப்பிய முறையில் டிக்குக்கு 0.6 என்ற வெப்பத்திறன் எண்ணால் பெருக்குவார்கள், ஏஎஸ்எம்இ (அமெரிக்க கோடு) முறையில் கிடையாது. அதே ரூட் ஒரு தாளில் 0.99, இன்னொரு தாளில் 0.59. யாருடைய வரம்பு, யாருடைய கணக்கு என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இன்டர்பாஸ் 2205க்கு 150 டிகிரி, 2507க்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும் இடம் அடுத்த ரன் தொடங்கப்போகும் இடம். சின்ன விட்டக் குழாயில் இது உயிர் எடுக்கும், ஏனென்றால் வெப்பம் போக இடமில்லை. ஒரே வெல்டரிடம் இரண்டு மூன்று மூட்டுகளைக் கொடுத்து மாற்றி மாற்றிப் போடச் சொல்வதுதான் வழி. ஒரே மூட்டைக் கொடுத்து 'ஆறும்வரை காத்திரு' என்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

சிக்மா இல்லை, ஃபெரைட் சரி, இருந்தும் சார்பி குறைவு என்றால் வெல்டு உலோகத்தின் ஆக்சிஜனைப் பாருங்கள். ரூட்டைல் பூச்சு எலக்ட்ரோடும் ஃப்ளக்ஸ் கோர்டு கம்பியும் பேசிக் எலக்ட்ரோடைவிடக் குறைந்த ஜூல் தரும். கீழ்வெப்பநிலைச் சார்பி கேட்கிற வேலைக்கு ஈ2209-17 எடுத்தால் விளிம்பில் தொங்குவீர்கள், ஈ2209-15 எடுத்தால் மூச்சுவிடலாம். அழகான பீடு வராது என்று வெல்டர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

அறிகுறி: இழுவிசைச் சோதனையில் வெல்டில் அறுகிறது, எண் குறைவு

2205இல் (எஸ்32205) குறைந்தபட்ச இழுவிசை 655 எம்பிஏ. 2507இல் 795. கம்பி மாறி 316எல் போயிருந்தால் 2205 துண்டு வெல்டில் அறும், அதில் மர்மம் இல்லை. ஈ316எல் எலக்ட்ரோடின் குறைந்தபட்சமே 490தான். கையடக்க எக்ஸ்ரே ஃபுளோரசன்ஸ் கருவியை வெல்டின் மேல் வைத்துப் பாருங்கள், மாலிப்டினமும் குரோமியமும் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணுக்குத் தப்புவது 2507. 625 வகை எலக்ட்ரோடான ஈநிக்ர்மோ-3க்குத் தரநிலை கேட்பது 760 எம்பிஏ. தகடு கேட்பது 795. அரிப்பில் ராஜா, பலத்தில் ஒரு படி கீழே. நிக்கல் கலவைக் கம்பியை 2507க்குத் தேர்வு செய்பவர்கள் பேட்ச் சான்றிதழின் உண்மை எண்ணைப் பார்க்காமல் துண்டு போடக் கூடாது.

அறிகுறி: பெண்ட் சோதனையில் திறந்துகொள்கிறது

ஏஎஸ்எம்இ ஒன்பதாம் பிரிவுப்படி வளைந்த முகத்தில் 3 மி.மீ.க்கு மேல் எந்தத் திசையிலும் திறப்பு இருக்கக்கூடாது. ஓரச்சுவரை ஒட்டித் திறந்தால் ஃப்யூஷன் குறைவு. நிக்கல் கலவை ஃபில்லரில் இது சகஜம், ஏனென்றால் குளம் மந்தமாக இருக்கும், தானாக ஓடி ஓரத்தை நனைக்காது. 316எல் போட்டுப் பழகிய கை அது ஓடும் என்று எதிர்பார்க்கும். பள்ளக்கோணத்தை அகலப்படுத்தி, ஓரத்துக்குக் கம்பியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆம்பியரை ஏற்றினால் ஓடாது, கலப்பு மட்டும் கூடும்.

வெல்டும் தகடும் பலத்தில் ஏகமாக வேறுபட்டால், குறுக்குப் பெண்ட்டில் மெலிந்த பக்கம் மட்டும் வளைந்து, ஒரு முனையில் மடங்கிவிடும். அது வெல்டின் தோல்வி இல்லை. கோடே இதற்கு நீளவாக்குப் பெண்ட்டை அனுமதிக்கிறது.

அறிகுறி: பள்ளமுனை விரிசல், நடுக்கோட்டு விரிசல்

310, 904எல் (ஈஆர்385), நிக்கல் கலவைகள் எல்லாம் ஃபெரைட் இல்லாமல் முழு ஆஸ்டனைட்டாக உறைபவை. 308எல்லில் சில எண்ணளவு ஃபெரைட் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் சமாளித்து உங்களைக் காப்பாற்றும். இங்கே அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே பேட்ச் சான்றிதழில் கந்தகம், பாஸ்பரஸ் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. குறைந்த ஹீட் இன்புட், நெளிக்காத நேரான ரன், குழிந்த பீடு வேண்டாம், கொஞ்சம் புடைத்தே இருக்கட்டும். நிறுத்தும் இடத்தில் பள்ளத்தை நிரப்பி, மின்னோட்டத்தைச் சரித்து இறக்கி, பிறகு ஆர்க்கை அணையுங்கள். அப்படியும் முனையில் நட்சத்திர விரிசல் வந்தால் கிரைண்ட் செய்துவிட்டுத்தான் அடுத்தது. மேலே வெல்டு போட்டு மூடினால் அது உள்ளே அப்படியே இருக்கும்.

விரிசல் வெல்டில் இல்லாமல் தகட்டில், சேரும் கோட்டுக்கு வெளியே இருந்தால் துத்தநாகத்தையும் தாமிரத்தையும் தேடுங்கள். பக்கத்தில் கால்வனைஸ் கிளாம்பு, துத்தநாகப் பெயின்ட், தாமிர பேக்கிங் பட்டை உரசிய தடம். உருகிய துத்தநாகம் ஆஸ்டனைட்டின் மணி எல்லைகளுக்குள் புகுந்து பிளந்துவிடும். ஃபில்லர் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

அறிகுறி: துளைகள்

எலக்ட்ரோடு ஈரம், காற்றடிப்பு, டார்ச்சில் கேஸ் கசிவு. எல்லோருக்கும் தெரிந்ததுதான். டூப்ளெக்ஸுக்கே உரியது ஒன்று: கேஸில் நைட்ரஜன் அதிகமானாலும் துளை வரும், டங்ஸ்டன் முனையும் சீக்கிரம் தேயும். 2 சதவீதம் நல்லது என்றால் 5 இன்னும் நல்லது என்று ஆகாது.

அறிகுறி: வெல்டுக்குப் பக்கத்தில் சில நாட்களில் செம்பழுப்புப் புள்ளிகள்

பெரும்பாலும் வெளியிலிருந்து ஒட்டிய இரும்புத்தூள். கார்பன் ஸ்டீல் பிரஷ், இரண்டு உலோகத்துக்கும் ஓடிய கிரைண்டிங் டிஸ்க், ஃபோர்க் பட்ட இடம். ஃபெராக்சில் சோதனையில் நீலமாகக் காட்டும். பிக்ளிங் பேஸ்ட்டில் போய்விட்டால் இதுதான். மறுபடி அதே இடத்தில் வந்தால் மேலே உள்ள முதல் இரண்டு அறிகுறிகளுக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: சோதனை எல்லாம் பாஸ், ஆனால் பிக்யூஆரை வாடிக்கையாளர் திருப்பி அனுப்புகிறார்

பிக்யூஆர் என்பது சோதனைத் துண்டில் வெல்டு போட்டு எடுத்த தகுதிப் பதிவு. அதைத் திருப்பி அனுப்புவதைப் பலர் காகிதச் சண்டை என்று நினைக்கிறார்கள். பல சமயம் வாடிக்கையாளர் சொல்வதுதான் சரி. ஏஎஸ்எம்இ ஒன்பதாம் பிரிவு எப்படி உலோகங்களைக் குழுவாக்குகிறது என்று பாருங்கள். 2205, 2507 இரண்டும் பி-எண் (பேஸ் மெட்டல் குழு) 10ஹெச். ஈஆர்308எல், ஈஆர்2209, ஈஆர்2594 மூன்றும் எஃப்-எண் (ஃபில்லர் குழு) 6. வெல்டு உலோகக் கலவைக்கான ஏ-எண்ணிலும் 308எல்லும் 2209உம் 8இலேயே விழுகின்றன. ஆக, சார்பி கேட்காத வேலையில், 2205 தகட்டில் 2209 போட்டு எடுத்த பிக்யூஆர், முக்கிய மாறிகளை மட்டும் பார்த்தால், 2507 தகட்டுக்குக் காகிதத்தில் நீள்கிறது. அது கோட்டின் ஓட்டை இல்லை, கோடு பலத்துக்காக எழுதப்பட்டது. சார்பி கேட்டால் கதை மாறும். ஹீட் இன்புட்டைக் கூட்டுவது, இன்டர்பாஸைத் தகுதிச் சோதனையில் இருந்ததைவிட 56 டிகிரிக்கு மேல் ஏற்றுவது, கம்பியின் வகைப்பாட்டை மாற்றுவது எல்லாம் துணை முக்கிய மாறிகளாகிவிடும், புதுத் தகுதி வேண்டும்.

ஆறு சதவீத மாலிப்டினத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. 254 எஸ்எம்ஓ, 304எல்லோடு சேர்ந்து பி-எண் 8இல் உட்கார்ந்திருக்கிறது, குழு எண்தான் வேறு. எனவே 'எங்களிடம் பழைய பி-8 பிக்யூஆர் இருக்கிறதே' என்பார்கள். ஆனால் 625 கம்பி எஃப்-எண் 43. எஃப்-எண் மாறியதும் பழையது செல்லாது. ஏஎல்-6எக்ஸ்என், 904எல் இரண்டும் பி-எண் 45, ஆகவே அங்கே பி-8 கதையே எடுபடாது. இந்த மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கும் ஸ்டோரில், அடையாளம் மாறினால் தாளும் மாறும் என்பது யாருக்கும் தோன்றாது.

அதனால் உயர் கலவைக்கு டபிள்யூபிஎஸ் (வெல்டர் பின்பற்றும் முறைத் தாள்) எழுதும்போது, கோடு கேட்காததையும் நீங்களே பூட்டிவைக்க வேண்டும். பி-எண்ணுக்குப் பதில் யுஎன்எஸ் எண் (ஒவ்வொரு கலவைக்கும் உள்ள தனி எண்). எஃப்-எண்ணுக்குப் பதில் கம்பியின் வகைப்பாடு, முடிந்தால் தயாரிப்பின் பெயரும். ஹீட் இன்புட்டுக்கு மேல் எல்லை மட்டும் இல்லை, கீழ் எல்லையும். ரூட்டுக்கும் இரண்டாவது ரன்னுக்கும் தனி வரிசை. தகுதித் துண்டின் தடிமனை வேலையில் வரும் மெல்லிய சுவருக்கு நெருக்கமாக வையுங்கள். கோடு தடிமன் வரம்பைத் தாராளமாக நீட்டும், ஆனால் தடித்த தகட்டில் எடுத்த பாஸ், 3 மி.மீ. குழாயில் வெப்பம் எப்படித் தேங்கும் என்று சொல்லாது. ஃபெரைட் எண்ணிக்கை, நுண்படம், ஃபெரிக் குளோரைடு ஆகியவற்றை முதல் துண்டிலேயே சேர்த்துக் கேளுங்கள், இழுவிசை பாஸான பிறகு தனியாகக் கேட்டால் துண்டு மிச்சம் இருக்காது.

இரண்டு வேறு உலோகங்களைச் சேர்க்கும்போது எழும் கேள்விக்கு ஒரு விதி போதும்: அரிப்பில் தாழ்ந்த பக்கத்துக்குக் குறையாமல், பலத்திலும் தாழ்ந்த பக்கத்துக்குக் குறையாமல். 2205ஐ 316எல்லோடு சேர்க்க 2209 அல்லது 309எல்மோ. 2205ஐ கார்பன் ஸ்டீலோடு சேர்க்கவும் அதே இரண்டு. 254 எஸ்எம்ஓவை 2507ஓடு சேர்க்க நியோபியம் இல்லாத நிக்கல் கலவை.

ஏற்கெனவே வெல்டு போட்டாகிவிட்டது, என்ன செய்வது?

சிக்மா உள்ள மூட்டை டார்ச் வைத்துச் சூடாக்கிக் காப்பாற்ற முடியாது. அதைக் கரைக்க 2507க்கு 1050 டிகிரிக்கு மேலும், 254 எஸ்எம்ஓவுக்கு 1150 டிகிரியிலும் முழுப் பாகத்தையும் சூடாக்கி உடனே தண்ணீரில் ஆற்ற வேண்டும். உலைக்குள் போகிற ஸ்பூல் (முன்கூட்டியே செய்த குழாய்த் தொகுப்பு) என்றால் யோசிக்கலாம். தளத்தில் நிற்கும் லைன் என்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டும்போது வெல்டை மட்டும் எடுத்தால் பழைய வெப்பம் தாக்கிய பகுதி புது மூட்டின் ஓரமாக மிஞ்சிவிடும், அதன் மேல் இன்னொரு வெப்பச்சுற்று விழும். இரண்டு பக்கமும் அந்தப் பட்டையைத் தாண்டிக் குளிர்வெட்டில் எடுத்து, ஒரு சிறு துண்டுக் குழாயை நடுவில் வையுங்கள். ஒரு மூட்டுக்குப் பதில் இரண்டு மூட்டு ஆகிறது என்று திட்டப் பொறியாளர் கத்துவார். வெட்டிய மூட்டைத் தூக்கிப் போடாமல் குறுக்காக அறுத்து, பாலிஷ் செய்து, ஏ923 ஏ முறையில் பொறித்துப் பாருங்கள். எந்த ரன்னில் கெட்டது என்று அதுதான் சொல்லும், அடுத்த மூட்டின் டபிள்யூபிஎஸ்ஸில் எந்த வரியை மாற்றுவது என்பதும் அங்கேதான் தெரியும்.